குடிவரவும் குடியேற்றமும்: அம்பாறைக் கரையோரத்தின் நோக்கில் இலங்கைக் கட்சிகளின் வாக்குப் போட்டி

இலங்கையின் அரச கருமத் தமிழில் குடிவரவு, குடியேற்றம் என்னும் இரு சொற்கள் வழங்கி வருகின்றன. கடல் கடந்து நாட்டினுள் வருவது குடிவரவு. நாட்டின் ஒரு பகுதி மக்களை இன்னொரு பகுதியிற் காணி கொடுத்து இருத்துவது குடியேற்றம். முன்னதற்கு ஒரு திணைக்களம், பின்னதற்கு வேறொரு திணைக்களம். வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் இப்பிரிவினையை அப்படியே ஏற்று, மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையை ஓர் அத்தியாயத்திலும் கல்லோயாவை மற்றோர் அத்தியாயத்திலும் வைத்து எழுதியுள்ளனர். இவ்விரண்டும் ஒரே தேர்தற் கணக்கின் கழித்தலும் கூட்டலுமாக நடந்தவை என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க முயல்வது. கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்தில் நின்று நோக்குவோருக்கு இது எளிதிற் புலப்படும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூர்கள் கழித்தலைத் தொலைவிலிருந்து பார்த்தன. கூட்டலைத் தமது வயல்களின் மேற்கு வரம்பிலேயே கண்டன.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து தொடங்குவோம். அத்தேர்தலில் 95 இடங்களுக்குப் பிரதிநிதிகள் தெரிவு செய்யப்பட்டனர். ஐக்கிய தேசியக் கட்சி 42 இடங்களையே பெற்றது. தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அதற்கப்பால் வேறு பல மலையகத் தொகுதிகளில் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. டீ. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் இதனைக் கவனியாது விட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அடுத்த இரண்டாண்டுகளுக்குள் மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டன: 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். முதலாவது, தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரைப் பிரசைகள் அல்லாதோர் ஆக்கிற்று. இரண்டாவது, நீண்டகால வதிவைப் பத்திரங்கள் கொண்டு நிரூபிப்போருக்கு மட்டும் ஒடுங்கிய வாயில் ஒன்றைத் திறந்து வைத்தது. மூன்றாவது, பிரசைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் இடமுமில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 54 இடங்களை அடைந்தது. இரண்டாவது சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மாத்திரமே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஒன்று, ஆயிரம் சதுர மைல் பரப்புக்கு ஒன்று என்ற அடிப்படையில் தொகுதிகள் வகுக்கப்பட்டன. அந்த 75,000 என்பது தலை எண்ணிக்கை, வாக்காளர் எண்ணிக்கையன்று. ஆகவே இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி ஆசனக் கணக்கில் ஒரு தலையாகத் தொடர்ந்து எண்ணப்பட்டான். அவனுடைய தலைக்குரிய ஆசனத்தை அவன் அயலிலுள்ள கண்டிச் சிங்கள வாக்காளர் நிரப்பினர். அந்தக் கூடுதல் ஆசனங்களைக் கைப்பற்றவே இரு பெருங் கட்சிகளும் பின்னர் போட்டியிட்டன. இதை மறந்துவிட்டுப் பின்னைய வாதப் பிரதிவாதங்களை வாசிப்போர், அவை வெறும் உணர்ச்சி வேகத்தில் எழுந்தவை என்று எண்ணிவிடுவர்.

1948 இல் இதனை எதிர்த்தோர் யார், எதிராதோர் யார் என்ற வினா தமிழ் அரசியலிற் பலமுறை விவாதிக்கப்பட்ட ஒன்றாகும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் முதற் சட்டத்தை எதிர்த்தார். பின் அமைச்சரவையிற் சேர்ந்து இரண்டாவதற்கு ஆதரவளித்தார். அப்பிளவிலிருந்தே 1949 டிசம்பரில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றியது. முஸ்லிம் தலைமையைப் பற்றி இத்துணை விவாதம் நிகழவில்லை. டீ. பீ. ஜாயா அன்றைய அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தார். முஸ்லிம் உயர்குழாத்தின் அரசியல் ஆளுங்கட்சியின் உள்ளேயே நடைபெற்றது. இரண்டாவது சட்டத்தின் பெயரிலேயே 'பாகிஸ்தானிய' என்ற சொல் இருந்தும், குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று வேறாக எண்ணப்பட்ட வணிகக் குடும்பங்களும் அச்சட்டத்தின் வாயிலில் நிற்க வேண்டியிருந்தும், அது பிறர் பிரச்சினையாகவே கொள்ளப்பட்டது. இதைக் குற்றச்சாட்டாக நாம் கூறவில்லை. ஒரு சிறுபான்மையினரின் வாக்கை எண்ணிக்கையிலிருந்து அகற்றும் முறை ஒருமுறை பாராளுமன்றத்தில் வெற்றி பெற்றால், மற்றச் சிறுபான்மையினரின் வாக்கும் எண்ணிக்கைப் பொருளாகவே நோக்கப்படும் என்பதைக் கரையோரம் விரைவிலே அறிய நேர்ந்தது.

கூட்டற் கணக்கு அதே 1949 இல் தொடங்கிற்று. வாக்காளரை நீக்கிய சட்டம் அவ்வாண்டின் 48 ஆம் இலக்கம். கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவிய சட்டம் அவ்வாண்டின் 51 ஆம் இலக்கம். அமெரிக்க மொரிசன் நுட்சன் நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டிற்று. கரையோரத்தார் பட்டிப்பளை ஆறு என்று அழைத்து வந்த ஆறு கல்லோயா ஆயிற்று. தேங்கிய நீருக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிடப்பட்டது. காடு வெட்டி இலக்கமிட்ட 'கொலனி'களில் குடும்பங்கள் இருத்தப்பட்டன. தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுக் காணியும் என்று திட்டமிடப்பட்டது. பிற்காலத்தில் அது சுருங்கிற்று.

ஒருபக்கச் சார்பின்றி நோக்குவதாயின் சில உண்மைகளை இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். மேற்கே பிந்தன்னைப் பக்கத்தில் பழஞ் சிங்களக் கிராமங்கள் இருந்தன. தெற்கே பாணமையில் சிங்களவரும் தமிழரும் கலந்தே வாழ்ந்தனர். குடியேற வந்தோர் வாய்ப்புத் தேடிய பெருஞ் செல்வரல்லர். பெருந்தோட்டங்கள் தமது கிராமங்களைச் சூழ்ந்துகொண்டமையால் நிலமற்றுப் போன கண்டிக் குடியானவர் அவர்களுட் பலர். கொலனிகளுள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியவையும் இருந்தன. அத்துடன், கரையோரத்தில் நிலமெல்லாம் உழுபவன் கையில் இருந்ததென்று எண்ணுவதும் தவறு. போடியார் என வழங்கப்பட்ட பெருநிலச் சொந்தக்காரர், தமிழராயினும் முஸ்லிமாயினும், வட்டைகளின் பெரும் பகுதியை வைத்திருந்தனர். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அவர்களுடைய வயலைக் குத்தகைக்கும் கூலிக்கும் செய்தோர் மிகப் பலர். கரையோரத்தின் அரசியற் பிரதிநிதித்துவம் நெடுங்காலம் இவ்வர்க்கத்தின் செல்வாக்கினின்று விடுபடவில்லை. நிலமற்ற முஸ்லிம் உழவனுக்குக் கல்லோயாவில் எத்தனை ஏக்கர் என்ற வினா பாராளுமன்றத்தில் உரத்து எழாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்து.

ஆயினும் எண்கள் எண்களே. மட்டக்களப்பு மாவட்டம் இன்றைய அம்பாறையையும் உள்ளடக்கியிருந்த காலத்தில், 1946 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு சிங்களவர் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 1953 இல் 11 சதவீதத்துக்கு மேல். புதிய அம்பாறை மாவட்டத்தில் 1963 இல் சிங்களவர் ஏறத்தாழ 29, முஸ்லிம்கள் 46, தமிழர் 23 சதவீதம். 1981 இல் முறையே ஏறத்தாழ 38, 41, 20 சதவீதம். 2012 இல் 39, 43, 17 சதவீதம். இவ்வெண்களில் இயற்கையான பெருக்கமும் எல்லை மாற்றங்களும் குடியேற்றமும் கலந்துள்ளன. ஆகவே இவற்றை முழுமையாகக் குடியேற்றத்தின் கணக்கில் எழுதுவது ஆய்வு நெறியாகாது. மகாவலித் திட்டத்தின் தெகியத்தகண்டி இன்று இம்மாவட்டத்துள் அடங்குவதை வரைபடத்தில் ஒருமுறை பார்த்தாலே, எல்லைக் கோடும் எத்துணை வேலை செய்திருக்கின்றது என்பது விளங்கும்.

கட்சிகளின் போட்டி என்று நாம் கூறுவது யாது? ஒரு கட்சி குடியேற்றத்தை ஆதரித்தது, மற்றது எதிர்த்தது என்று கொள்ளின் இந்நாட்டு வரலாற்றைத் தலைகீழாக வாசித்தவராவோம். பண்டாரநாயக்க 1948 இல் ஐக்கிய தேசியக் கட்சி அமைச்சராக இருந்து பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பொறுப்பேற்றவர். 1951 இல் அவர் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை நிறுவிய பின்னர், இரு கட்சிகளுக்கிடையே எழுந்த பிரச்சினை 'செய்வதா' என்பதன்று. 'யார் உறுதியாகச் செய்வது' என்பதே. காணி அமைச்சின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சீ. பீ. டி சில்வா 1956 இலும் 1960 இலும் அமைந்த சுதந்திரக் கட்சி அரசாங்கங்களிற் காணிக்குப் பொறுப்பான அமைச்சர். 1964 டிசம்பரில் அவர் கட்சி மாறினார். 1965 இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் அதே காணி, நீர்ப்பாசன அமைச்சுக்கு மீண்டும் வந்தமர்ந்தார். அரசாங்கம் மாறியது, காணிக் கொள்கை அமைச்சரையும் உடன்கொண்டு மறுபுறம் சென்றது.

குடிவரவிலும் இவ்வாறே. இந்தியாவிலிருந்து சட்டவிரோதமாக வருவோரைப் பிடிக்க 1952 இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் படையினரை ஈடுபடுத்திற்று. 1963 இல் சுதந்திரக் கட்சி அரசாங்கம் அதற்கெனவே தனிப் படையணி ஒன்றை அமைத்தது. 'கள்ளத்தோணி' என்ற தமிழ்ச் சொல் சிங்கள மேடைகளில் இக்காலத்திலே தாராளமாகப் புழங்கிற்று. அரசியற் தேவைக்காகத் தமிழிலிருந்து சிங்களம் கடன்பெற்ற சொற்களுள் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். 1954 ஜனவரியில் நேரு கொத்தலாவலை ஒப்பந்தம், புதிதாகப் பிரசைகளாவோரைப் பத்தாண்டுக்குத் தனி வாக்காளர் இடாப்பில் வைப்பதற்கு இடமளித்தது. பத்தாண்டின் பின், 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. மனிதரை இவ்வாறு பங்கிடும் கணக்கைச் செய்தவர்கள் அதற்கு மேலும் ஒருபடி சென்று, பிரசாவுரிமை பெறுவோரைத் தனி இடாப்பிற் சேர்க்கும் கருத்தையும் முன்வைத்தனர். ஐக்கிய தேசியக் கட்சியின் பழைய யோசனை சுதந்திரக் கட்சியின் புதிய யோசனையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் ஒரு வாக்கினால் வீழ்ந்தபோது தொண்டமான் வாக்களியாதிருந்தமை இதனுடன் தொடர்புடையதே. இடதுசாரிகள் 1948 இல் பிரசாவுரிமைச் சட்டத்தை மிக வன்மையாக எதிர்த்தவர்கள். அவர்களுள் சமசமாஜக் கட்சியினர் 1964 இல் ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அமைச்சரவையில் அமர்ந்திருந்தனர். முற்போக்கு வரலாறு எழுதுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிச் செல்வது வழக்கம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை.

இதனை இலங்கைக்கே உரிய நோய் என்று கொள்ள வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் பிரித்தானியாவிலும் இத்தகைய ஏலம் நடைபெற்றது. 1962 இல் கொன்சவேட்டிவ் அரசாங்கம் பொதுநலவாயக் குடிவரவுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது தொழிற்கட்சி கடுமையாக எதிர்த்தது. 1964 இல் ஸ்மெதிக் தொகுதியில், வெளிநாட்டமைச்சராக வரவிருந்த தொழிற்கட்சிப் பிரமுகர் பற்றிக் கோர்டன் வோக்கர் குடிவரவை எதிர்த்துப் பிரசாரம் செய்த வேட்பாளரிடம் தோற்றார். அடுத்த ஆண்டே தொழிற்கட்சி அரசாங்கம் அனுமதிகளைக் குறைத்தது. 1968 இல் கென்ய ஆசியர் வருகையைத் தடுக்கும் சட்டத்தை அதுவே மூன்று நாள்களில் நிறைவேற்றியது. ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பிரித்தானியாவில் வந்து சேர்ந்த பொதுநலவாயத்தாருக்கு வாக்குரிமை இருந்தது. ஆகவே கட்சிகள் அவர்களிடமும் வாக்குக் கேட்க நேர்ந்தது. இங்கோ வாக்கை முதலிற் பறித்தனர். வாதத்தைப் பின்னர் தொடங்கினர். தேர்தலில் தண்டிக்க இயலாத ஒரு மக்களைப்பற்றி இரு கட்சிகளும் எதையும் வாக்களிக்கலாம் என்ற நிலை இதனால் உருவாயிற்று.

இனிக் கரையோரத்துக்கு மீள்வோம். 1956 தேர்தலில் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சி வேட்பாளராக வெற்றி பெற்றனர். 'தமிழ் பேசும் மக்கள்' என்ற அக்கட்சியின் தொடர் அத்தேர்தலில் வெறும் மேடைச் சொல்லாக இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலையில் அக்கட்சி வகுத்த நான்கு கோரிக்கைகளுள், பிரசாவுரிமைச் சட்டங்களை நீக்குவதும் தமிழ் பேசும் பிரதேசங்களில் அரச குடியேற்றத்தை நிறுத்துவதும் அருகருகே இடம்பெற்றன. நாம் முன்னர் இரு பத்திகள் என்று கூறியதை ஒரே ஏட்டில் எழுதிய முதல் ஆவணங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே, ஜூனில், தனிச் சிங்களச் சட்டத்தை அடுத்துக் கல்லோயாவில் வன்செயல் வெடித்துத் தமிழர் பலர் கொல்லப்பட்டிருந்தனர். இறந்தோர் 150 வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. கரையோரத்து இரு உறுப்பினரும் விரைவிலே அரசாங்கப் பக்கஞ் சேர்ந்தனர். முஸ்தபா பின்னர் தகநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சராகவும் இருந்தார்.

1957 ஜூலை 26 ஆம் நாள் பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்கு அளிக்க உடன்பட்டது. கல்லோயாச் சபையின் பிரதேசத்தைப் பொறுத்தவரை மட்டும் விடயம் ஆராயப்பட வேண்டியது என்று ஒரு வாசகம் அதில் இடம்பெற்றது. கிழக்கு மாகாணத்தை ஒன்றுக்கு மேற்பட்ட பிராந்தியங்களாகப் பிரிக்கலாம் என்பதும் அதில் உண்டு. எமது கரையோரத்தைப் பற்றிய மிக முக்கியமான வினா, ஒப்பந்தத்திலேயே ஒத்திவைக்கப்பட்ட வினாவாக எஞ்சிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். எட்டு ஆண்டின் பின்னர் காட்சி அப்படியே மாறிற்று. 1965 மார்ச்சில் டட்லி செல்வநாயகம் உடன்பாடு, வடக்குக் கிழக்குக் காணிகளில் முதலிடம் அந்தந்த மாவட்டத்து நிலமற்றோருக்கு, அடுத்தது அம்மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோருக்கு என்று வரிசைப்படுத்தியது. இப்போது சுதந்திரக் கட்சியும் அதனுடன் சேர்ந்த இடதுசாரிகளும் 1966 ஜனவரியில் அரசாங்கத்தின் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். மாவட்ட சபை மசோதா 1968 இல் கைவிடப்பட்டது. மாவட்டத்து நிலமற்றோருக்கே முதற் காணி என்ற விதி நடைமுறைக்கு வந்திருப்பின் மிகப் பெரும் பயன் பெற்றிருப்போர் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுக் குத்தகை உழவர்களே. அவர்களின் வாக்கைக் கேட்டு வந்த இரு பெருங் கட்சிகளும் மாறி மாறி அதனைக் குலைத்தன.

வரைபடம் இதற்கிடையில் தன் வேலையைச் செய்து முடித்தது. 1947 இல் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் 7 தொகுதிகள். தென்புறத்தில் கல்முனையும் பொத்துவிலும். 1959 தொகுதி நிர்ணயத்தின் பின் 1960 மார்ச்சில் அம்பாறை தனித் தொகுதியாயிற்று; நிந்தவூரும் ஒரு தொகுதியாயிற்று. ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற பரப்பளவு விதி, குடிசெறிவு குறைந்த சிறுபான்மைப் பகுதிகளுக்குப் பாதுகாப்பு என்றே 1940 களில் பேசப்பட்டது. அப்பரப்பைக் கொலனிகள் நிரப்பிய பின்னர் அதே விதி உள்நாட்டுக்குப் பயன்பட்டது. 1961 ஏப்ரல் 10 ஆம் நாள் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. வடக்குக் கிழக்கில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. மாவட்டத்தின் தலைநகர் கரையில் அன்று, கொலனிகளின் நடுவே அமைந்தது. மருதமுனை நெசவாளிக்கும் ஒலுவில் மீனவனுக்கும், காணி அனுமதிப் பத்திரம் என்றால் இனிமேல் மேற்கே அம்பாறைக் கச்சேரிக்கு ஏறிச் செல்ல வேண்டியதாயிற்று. அங்கு பதில் பெரும்பாலும் சிங்களத்திலே கிடைத்தது. 1978 அரசியலமைப்பின்கீழ் தேர்தல் மாவட்டத்துக்குத் திகாமடுல்ல என்ற பெயர் வந்தது. நிர்வாக மாவட்டம் அம்பாறை, தேர்தல் மாவட்டம் திகாமடுல்ல என்று ஒரே நிலத்துக்கு இரு பெயர்.

கரையோர வாக்கு இவற்றுக்கு எவ்வாறு பதிலிறுத்தது? கல்முனையின் வரலாறே சொல்லும். 1956 இல் தமிழரசு. 1960 ஜூலையில் மீண்டும் தமிழரசு வேட்பாளராக எம். சி. அகமது, 1970 இல் அதே அகமது சுதந்திரக் கட்சியில், 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர். இதனை முஸ்லிம் அரசியலின் நிலையின்மை என்று தமிழ்த் தேசிய எழுத்தாளர் பலர் எள்ளியுள்ளனர். அது வசதியான விளக்கம். நிலம் என்னும் வினாவில் இரு பெருங் கட்சிகளுக்குள் வேறுபாடு இல்லாதபோது, வாக்காளன் கேட்கக்கூடியது வேறு எது? பாடசாலை, வீதி, நெசவு நூல், ஆசிரியர் நியமனம், ஓர் உதவி அமைச்சர் பதவி. அவற்றைத் தரக்கூடியவன் ஆளுங்கட்சிக்காரன். கட்சி மாறுவது இந்நிலையிற் பகுத்தறிவோடு செய்யப்பட்ட செயலே. இதில் இழப்பு எதுவென்றால், பேரத்திற் பெற்றவை அனைத்தும் கரையோர வீதியின் இரு மருங்கிலும் நின்றுவிட்டன. மேற்கேயுள்ள காணி பேரத்துக்கே வரவில்லை. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியுடன் கூட்டுச் சேர்ந்து போட்டியிட்ட முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி, காணியையும் சுயாட்சியையும் பேச முனைந்தது. 140 இடங்களை வாரிச் சென்ற ஐக்கிய தேசியக் கட்சியின் அலையில் அது கரைசேரவில்லை.

அவ்விளைஞர் அணியில் இருந்த எம். எச். எம். அஷ்ரப் பிற்காலத்தில் இக்கணக்கைத் தலைகீழாக்கினார். விகிதாசாரத் தேர்தல் முறையில் தொகுதி எல்லைக்கு முன்போன்ற வலுவில்லை. மாவட்டம் முழுவதிலும் சிதறிய வாக்கை ஒன்றுதிரட்டலாம். தடையாக இருந்தது எட்டில் ஒரு பங்கு என்ற வெட்டுப்புள்ளி. 1988 டிசம்பரில் பதினைந்தாவது திருத்தம் அதனை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தது. ஜனாதிபதித் தேர்தலில் முஸ்லிம் வாக்கை நாடிய பிரேமதாசவுடன் அஷ்ரப் நடத்திய பேச்சின் பயன் அது என்பர். ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1989 பெப்ரவரியில் பாராளுமன்றம் புகுந்தது. 1994 இல் அதன் 7 உறுப்பினரின் துணையின்றிச் சந்திரிகாவின் பொதுசன முன்னணி ஆட்சி அமைக்க இயலாத நிலை. பெருங் கட்சிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு இடையிற் பேரம் பேசும் வாய்ப்பு முதன்முறையாகக் கரையோரத்தின் கையில் இருந்தது. துறைமுக அமைச்சு வந்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தது. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகியவற்றை இணைத்துத் தமிழ் மொழியில் இயங்கும் கரையோர மாவட்டம் என்ற கோரிக்கை மட்டும் வரவில்லை. 2000 செப்டெம்பர் 16 ஆம் நாள் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அதன் பின்னர் அவருடைய கட்சியே பலவாகப் பிரிந்து, ஆளுங்கட்சியின் கதவைத் தனித்தனியே தட்டும் பழைய முறைக்குத் திரும்பிற்று. 1990 இன் படுகொலைகளும், வயல்களைக் கைவிட்டு ஓடிய தமிழ், முஸ்லிம் குடும்பங்களும், அவ்வாண்டுகளின் பரஸ்பரப் பகையும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கு அவற்றைத் தொட்டுச் செல்வது நீதியாகாது.

கட்சிகளின் மேடைக்குப் புறம்பே நடந்த ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1980 களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் பழுதுற்றுக் கிடந்தன. மேல்மடையிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைமடையில் தமிழ் பேசும் உழவர். தண்ணீர் கடைமடைக்கு வருவதில்லை. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் விவசாயி அமைப்புக்களை உருவாக்க முற்பட்டபோது, மேல்மடையார் தாமாகவே முறைவைத்து நீரைக் கீழே விடலாயினர். 1983 ஆம் ஆண்டை அடுத்த காலத்திலும் அது முற்றாக முறியவில்லை. நோர்மன் அப்ஹோஃப் இதனைப்பற்றி விரிவாக எழுதியுள்ளார். வாய்க்காலின் இரு முனையிலும் நின்ற உழவருக்குள் இருந்த பிணக்குத் தீர்க்க முடியாத ஒன்றாக இருக்கவில்லை என்பதற்கு இது சான்று. அதனைத் தேர்தற் பொருளாக்க எந்தக் கட்சியும் முன்வரவில்லை. தண்ணீர் பகிர்ந்த செய்தியில் வாக்கு இல்லை போலும்.

2004 ஆழிப்பேரலையில் கரையோரம் பேரழிவுற்றது. வீடிழந்த குடும்பங்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியுடன் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை தீகவாபிப் புனித பூமியை அண்டிய காணியில் முஸ்லிம்களைக் குடியேற்றும் முயற்சி என்று ஜாதிக ஹெல உறுமய எதிர்த்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. வீடுகள் பயனாளிகளிடம் கையளிக்கப்படாமல் பல்லாண்டு காலம் பூட்டிக் கிடந்தன. கூரையிலும் முற்றத்திலும் காடு ஏறிற்று. ஆறு மைல் கிழக்கே கடலோரத்திற் பிறந்து வளர்ந்தவன் மேற்கே ஒரு வீட்டுக்குப் போவது 'குடியேற்றம்' ஆயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன் வேறு மாகாணத்திலிருந்து வந்தவனின் வருகை அபிவிருத்தி எனப்பட்டது. இரு பெருங் கட்சிகளின் அரசாங்கங்களும் மாறி மாறி வந்தன. தேர்தல் மேடைகளில் வீடுகள் வாக்களிக்கப்பட்டன. சாவிகள் கைக்கு வரவில்லை.

கரையோரத்தார் இக்கணக்கைக் கற்றுக்கொண்டு தமக்குள்ளேயே போட்டுப் பார்ப்பதையும் நாம் மறைத்தல் கூடாது. கல்முனையில் தமிழருக்கென 1989 முதல் இயங்கிவரும் உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்று தமிழர் கேட்கின்றனர். நகரின் வணிக வீதி எவ்வெல்லையில் விழும் என்று முஸ்லிம்கள் கேட்கின்றனர். 2019 ஜூனில் அதற்காக நடந்த உண்ணாவிரதத்தில் கல்முனை விகாரையின் பிக்கு ஒருவரும் அமர்ந்திருந்தார். கொழும்பிலிருந்து அரசியல்வாதிகள் உறுதிமொழிகளுடன் வந்து திரும்பினர். கல்முனை மாநகர சபையிலிருந்து தமக்குத் தனிச் சபை வேண்டும் என்று நெடுங்காலம் கோரிய சாய்ந்தமருது, முற்றாக முஸ்லிம் ஊர். 2020 பெப்ரவரியில் பொதுத் தேர்தலை எதிர்நோக்கிய வேளையில் அதற்கு நகர சபை வழங்கும் வர்த்தமானி வெளியாயிற்று. ஊரில் வெடி கொளுத்திக் கொண்டாடினர். தென்னிலங்கையில் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களுக்குள் அந்த வர்த்தமானி இடைநிறுத்தப்பட்டது.